ஒரு டம்ளர் கபம், ரெண்டு ஸ்பூன் பித்தம்

ராகுல் டிராவிட்டைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். 2008, சிட்னி டெஸ்ட். மனிதர் 18 ரன்னில் நிற்கிறார். நிற்கிறார் என்றால், நிஜமாகவே நிற்கிறார். அங்கிருந்து 19-க்குப் போக அவருக்கு 40 பந்துகள் தேவைப்பட்டன. ஒருவழியாக அந்த ஒற்றை ரன்னை ஓடி முடித்ததும் ஆஸ்திரேலிய ரசிகர்களே கைதட்ட, இவரும் ஏதோ செஞ்சுரி அடித்தவர் மாதிரி மட்டையைத் தூக்கிக் காட்டினார். கமென்டரி பாக்ஸில் இருப்பவர்கள் இந்த மாதிரி ஆட்களுக்கென்றே ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். டெம்பரமென்ட்!

பதின்மூன்று வருஷம் கழித்து, 2021-ல், அதே டிராவிட் ஒரு விளம்பரத்தில் பெங்களூர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு, பக்கத்துக் காரின் கண்ணாடியை மட்டையால் உடைத்து, 'இந்திராநகர் ரவுடிடா நான்' என்று அலறினார். நாடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இதற்கும் ஒரு வார்த்தை இருக்கிறது. டெம்பர்!

ஒன்று பாராட்டு, இன்னொன்று திட்டு. ஆனால் டிக்‌ஷனரியைத் திறந்து ஜாதகம் பார்த்தால், ரெண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்! எம்.ஜி.ஆர். டபுள் ஆக்ட் படம் மாதிரி சின்ன வயதில் பிரிந்து, ஒன்று நல்லவனாகவும் இன்னொன்று முரடனாகவும் வளர்ந்திருக்கிறது. அம்மா பெயர் 'டெம்பராரே'. ஊர், ரோமாபுரி. மொழி, லத்தீன்.

'டெம்பராரே' என்றால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. 'அளவு பார்த்துக் கல' என்று அர்த்தம். அவ்வளவுதான். சமையல்காரர் உதவியாளிடம் சொல்வாரே, அது. ஆக, 'சார், என் டெம்பரமென்டே இப்படித்தான்' என்று யாராவது நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால், அவர் உண்மையில் சொல்வது 'சார், என் மசாலாவே இப்படித்தான்'!

சரி, எதை எதோடு கலந்தார்கள்? அங்கேதான் ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷக் காமெடி ஆரம்பிக்கிறது.

முதலில் மேடைக்கு வருபவர் எம்பெடாக்ளீஸ். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு, சிசிலித் தீவில் அக்ரகாஸ் என்ற ஊர். ஊதா அங்கி, தங்க பெல்ட், வெண்கலச் செருப்பு என்று மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பியவர் மாதிரிதான் எப்போதும் நடமாடுவார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். உலகத்தில் இருப்பதெல்லாம் நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகிய நாலின் கலவைதான் என்று சொன்னவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். தான் ஒரு கடவுள் என்றும் சொன்னார்.

சொன்னால் போதுமா? நிரூபிக்க வேண்டாமா? கதை இப்படிப் போகிறது: சுவடு தெரியாமல் மறைந்துபோனால் 'ஆஹா, தெய்வமாகிவிட்டார்' என்று ஜனங்கள் நம்புவார்கள் என்று கணக்குப் போட்டு, எட்னா எரிமலையின் வாய்க்குள் குதித்துவிட்டார். எரிமலை அவரை ஏற்றுக்கொண்டது. ஒரு வெண்கலச் செருப்பை மட்டும் 'இது யாருதுப்பா?' என்று வெளியே துப்பிவிட்டது!

இதில் இன்னொரு வேடிக்கை. கலவைக்குக் கிரேக்கத்தில் 'கிராஸிஸ்' என்று பேர். ஒயினில் தண்ணீர் கலக்கும் பெரிய பாத்திரத்துக்கு 'கிராட்டர்'. (தண்ணீர் விடாமல் ராவாக அடிப்பவன் காட்டுமிராண்டி என்பது கிரேக்கர்களின் கருத்து. நம் டாஸ்மாக் வாசலில் அவர்கள் ஒரு நாள் நின்று பார்த்திருக்க வேண்டும்.) அந்தப் பாத்திரத்தின் சாயலில் இருப்பதால்தான் எரிமலையின் வாய்க்கும் 'கிரேட்டர்' என்று பேர் வந்தது. கலவைத் தத்துவத்தைக் கண்டுபிடித்தவர் கடைசியில் கலவைப் பாத்திரத்துக்குள்ளேயே விழுந்தார்!

எம்பெடாக்ளீஸ் உலகத்துக்கு நாலு என்றாரா? கோஸ் தீவில் இருந்த ஹிப்பாக்ரட்டீஸ் கோஷ்டி, உடம்புக்குள்ளும் நாலு என்றது. ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இந்த நாலு திரவமும் சரியான விகிதத்தில் இருந்தால் ஆரோக்கியம். ஒன்று தூக்கலாகிவிட்டால் வியாதி. வைத்திய உலகம் இந்த ஃபார்முலாவை ஹிப்பாக்ரட்டீஸ் பெயரில்தான் ரெண்டாயிரம் வருஷம் கும்பிட்டது. ஆனால் அந்த ஃபார்முலா இருக்கும் நூலை எழுதியது அவருடைய மாப்பிள்ளை பாலிபஸ் என்பதற்கு அரிஸ்டாட்டில் காலத்துச் சாட்சியே இருக்கிறது. மாமனாரிடமிருந்து வாங்காமல், மாமனாருக்கே கொடுத்த ஒரே மாப்பிள்ளை!

ஒரு சின்ன சிக்கல். ரத்தம் பார்த்திருக்கிறோம். சளி, ஜலதோஷம் பிடித்தவர் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்தால் போதும். மஞ்சள் பித்தம், வெறும் வயிற்றில் வாந்தி எடுத்தவர்களுக்குத் தெரியும். கரும்பித்தம்? அப்படி ஒரு திரவம் மனித உடம்பில் கிடையவே கிடையாது! பிறகு ஏன் சேர்த்தார்கள்? பூதம் நாலு, பருவம் நாலு. உடம்பில் மட்டும் மூணு இருந்தால் டேபிள் ஆடாதா? அந்த நாலாவது காலுக்கு முட்டுக்கொடுக்கத்தான் கரும்பித்தம்.

'நாம் வாதம், பித்தம், கபம் என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டோமே, வள்ளுவரே மருந்து அதிகாரத்தை அந்த மூன்றில்தானே ஆரம்பிக்கிறார்' என்று உடனே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். கல்லீரலில் சுரந்து சோறு செரிக்க வைக்கும் பித்தத்தைத் தலைக்கு ஏற்றி, அதிலிருந்து பித்து, பித்தன், பித்துக்குளி என்று ஒரு குடும்பத்தையே உருவாக்கியவர்கள் நாம். சுந்தரர் சிவபெருமானையே அந்தக் குடும்பத்தில் சேர்த்துத் திட்டிவிட்டுத்தான் பாட ஆரம்பித்தார். அதற்கு அவருக்குக் கிடைத்தது தண்டனை அல்ல, பதவி!

இப்போது ஹீரோ என்ட்ரி. கேலன்! கி.பி. 129-ல் இன்றைய துருக்கியில் இருக்கும் பெர்கமம் நகரில் பிறந்தவர். 'கலவைகள்' என்றே தலைப்பு வைத்து டெம்பரமென்ட் பற்றி மூன்று பாக நூல் எழுதியவர். அடுத்த 1,300 வருஷத்துக்கு ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் எந்த டாக்டரும் இவரைக் கேட்காமல் ஒரு கஷாயம்கூடக் காய்ச்சியதில்லை. தன் அருமை தனக்கே தெரியாத மேதைகள் சிலர் உண்டு. கேலன் அந்த லிஸ்ட்டில் இல்லை.

டெம்பரமென்ட் ஆராய்ச்சி அவருக்கு வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. அப்பா நிக்கான், ஆர்க்கிடெக்ட். சாந்த சொரூபி. அம்மா? கோபம் வந்தால் வேலைக்காரப் பெண்களைக் கடித்துவிடுவார்! நான் சொல்லவில்லை, பெற்ற பிள்ளையே எழுதிவைத்திருக்கிறார். சாக்ரடீஸின் மனைவியையும் மிஞ்சும்படி அப்பாவோடு சண்டை போடுவாராம். 'அப்பாவின் குணத்தைப் பின்பற்றுவது என்று நான் முடிவு செய்தேன்' என்கிற ரீதியில் அடக்கமாக முடிக்கிறார் கேலன். அவருடைய மற்ற நூல்களில் சக டாக்டர்களை அவர் போட்டுத் தாக்கியிருப்பதைப் படித்தால், ஜெயித்தது அம்மா என்று தெரியும்.

படிப்பு முடிந்ததும் முதல் வேலை, ஊரில் கிளாடியேட்டர்களுக்கு டாக்டர். சரியான டிரெயினிங்! மனித உடம்பை அறுத்துப் பார்க்க அந்தக் காலத்தில் வழியில்லை. குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்துத்தான் மனுஷனைப் பற்றி எழுதினார். வெசேலியஸ் என்ற இளைஞர் 1543-ல் நிஜ மனித உடம்புகளைத் திறந்து பார்த்துப் புத்தகம் போட்டபோதுதான் உலகத்துக்கு விஷயம் புரிந்தது. டாக்டர்கள் இத்தனை நூற்றாண்டுகளாக மனப்பாடம் செய்துகொண்டிருந்த பல சமாசாரங்கள் மனிதனுடையவை அல்ல, குரங்குடையவை!

ரோமுக்கு வந்தார் கேலன். வந்ததும் ஷோ காட்ட வேண்டாமா? பிரமுகர்கள் கூடியிருக்க, கத்திக் கூச்சல் போடும் ஒரு பன்றியை வரவழைத்து, அதன் கழுத்தில் ஒரு சின்ன நரம்பைத் துண்டித்தார். பன்றி வாயைத் திறக்கிறது, சத்தம் வரவில்லை! குரலை இயக்குவது மூளைதான் என்பதற்கு அருமையான நிரூபணம். இதே டெக்னிக்கைத் தன் மீது யாரும் பிரயோகிக்காமல் கேலன் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டார். கடைசிவரை பேசிக்கொண்டே இருந்தார்.

ஆனால் மனுஷன் கில்லாடி, அதை மறுக்க முடியாது. ஜஸ்டஸ் என்பவரின் மனைவிக்குத் தூக்கமில்லை. என்ன என்று கேட்டால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். கேலன் கூடவே இருந்தபோது தியேட்டரிலிருந்து வந்த ஒருவர், 'இன்னிக்கு பைலடீஸ் டான்ஸ் பார்த்தேன்' என்றார். அந்தம்மாவின் முகம் மாறியது. கேலன் சட்டென்று நாடியைப் பிடித்தார். தடதடவென்று ஓடுகிறது. மறுநாள் ஆளை செட் செய்து வேறொரு டான்ஸர் பெயரைச் சொல்ல வைத்தார். நாடி பாட்டுக்கு நிதானமாக நடந்தது. மறுபடி பைலடீஸ். மறுபடி தடதட! கரும்பித்தமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, காதல்! சோதனை, மாற்றுச் சோதனை என்று இன்றைய லேப் ஸ்டைலில் ஒருவர் நடத்திய ஆராய்ச்சி. என்ன, ஜஸ்டஸிடம் ரிப்போர்ட்டை எப்படிக் கொடுத்தார் என்பதுதான் சுவாரசியமான கேள்வி.

கேலனின் 'கலவைகள்' கணக்குப்படி மனிதர்கள் ஒன்பது வகை. சூடு, குளிர், ஈரம், வறட்சி இவற்றில் ஒன்று தூக்கலானவர்கள் நாலு. ரெண்டு சேர்ந்து தூக்கலானவர்கள் நாலு. எல்லாம் கச்சிதமாகக் கலந்தவர்கள் ஒரே ஒரு வகை. அந்தக் கச்சிதமான ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்? ரொம்பச் சூடும் இல்லாத, ரொம்பக் குளிரும் இல்லாத ஊர்களில்தானாம். உதாரணமாக, ஹிப்பாக்ரட்டீஸின் சொந்த வட்டாரம். கேலனின் ஊரும் அந்தப் பக்கம்தான் என்பது தற்செயல்!

கோபத்தை அடக்குவது எப்படி என்றும் எழுதியிருக்கிறார். அதில் ஒரு கதை. கிரீட் தீவு நண்பர் ஒருவரோடு கொரிந்திலிருந்து ஏதென்ஸுக்குப் பயணம். ஏதோ ஒரு லக்கேஜ் எங்கே என்று கேட்டதற்கு அடிமைகள் ரெண்டு பேர் திருதிருவென்று விழித்தார்கள். நண்பருக்கு டெம்பர் ஏறிவிட்டது. உறையோடு இருந்த கத்தியால் தலையில் போட்டார். உறை கிழிந்து ரத்தம் கொட்டியது. நண்பர் பயந்து கம்பி நீட்டிவிட, வைத்தியம் பார்த்து ரெண்டு பேரையும் பிழைக்க வைத்தவர் கேலன்.

பிறகு நண்பருக்கு மனசாட்சி உறுத்தியது. ஒரு வீட்டுக்குள் கேலனைக் கூட்டிப் போய், சட்டையைக் கழற்றி, கையில் சாட்டையைக் கொடுத்து, 'என்னை அடி' என்றார். கேலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கச் சிரிக்க, நண்பர் முட்டி போட்டுக் கெஞ்சினார். 'சரி, அடிக்கிறேன். முதலில் நான் சொல்வதைக் கேட்பாயா?' என்றார் கேலன். நண்பர் தலையாட்டினார். கோபத்தின் தீமைகள் பற்றி ஒரு நீண்ட சொற்பொழிவு! முடித்துவிட்டு, 'அடித்தாகிவிட்டது, எழுந்திரு' என்றார். சாட்டையே பரவாயில்லை என்று நண்பர் நினைத்திருக்கக்கூடும்.

166-ல் ரோமில் கொள்ளைநோய் பரவியபோது நம் மாபெரும் மருத்துவர் என்ன செய்தார்? மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊர் போய்விட்டார். ஏன் போனார் என்பதற்கு ஒரு நூலில் கொள்ளைநோயைக் காரணம் காட்டுகிறார், இன்னொன்றில் எதிரிகளின் பொறாமையை. சக்கரவர்த்தி மார்கஸ் அரேலியஸ் அவரைத் திரும்ப வரவழைத்து 'போர்முனைக்கு வா' என்றார். கேலன் தயங்கவே இல்லை. 'வைத்தியத் தெய்வம் கனவில் வந்து போகாதே என்றது' என்றார்! மார்கஸ் அரேலியஸ் ஸ்டாயிக் தத்துவஞானி, எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். லீவ் சாங்ஷன் செய்துவிட்டார். ஆபீஸ் வரலாற்றில் இதைவிடச் சிறந்த லீவ் லெட்டர் கிடையாது.

192-ல் ரோமில் பெரிய தீ. கேலனின் நூல்கள், அபூர்வ மருந்துகள், எல்லாம் பஸ்பம். 'எப்படிக் கொஞ்சமும் கலங்காமல் இருக்கிறீர்கள்?' என்று ஒரு நண்பர் கேட்டார். தான் துளிகூடக் கவலைப்படவில்லை என்று பதில் எழுதினார் கேலன். என்னென்னவற்றைப் பறிகொடுத்தும் கவலைப்படவில்லை என்பதை ஐட்டம் ஐட்டமாக அடுக்கி, ஒரு புத்தக அளவுக்கு எழுதினார்! அதன் கிரேக்க மூலம் தொலைந்துபோய், 2005-ல்தான் கிரேக்க நாட்டு மடாலயம் ஒன்றில் அகப்பட்டது. கவலைப்படாத மனிதரின் லிஸ்ட் அத்தனை நூற்றாண்டுகள் தாங்கியிருக்கிறது.

கேலனை அரபு உலகத்துக்குக் கொண்டுபோனவர் ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத்தில் இருந்த ஹுனைன் இப்னு இஷாக். மொழிபெயர்ப்பான கேலன் நூல்கள் என்று அவர் போட்ட பட்டியலில் மட்டும் 129 இருக்கின்றன. புத்தகத்தின் எடைக்கு எடை தங்கம் தந்தார் கலீபா என்று ஒரு கதை உண்டு. அதனால்தான் ஹுனைன் தடித்தடி காகிதத்தில், பெரிய பெரிய எழுத்தில், இடம் விட்டு இடம் விட்டு எழுதினாராம். பரீட்சையில் அடிஷனல் ஷீட் வாங்கும் நம் பிள்ளைகளுக்கு மூதாதை! கலவைக்கு அரபியில் 'மிஜாஜ்'. இன்றும் ஒரு யுனானி ஹக்கீமிடம் போனால் முதலில் உங்கள் மிஜாஜைத்தான் பார்ப்பார். யுனானி என்றாலே 'கிரேக்க' என்றுதான் அர்த்தம். ஆக, கேலன் இன்னும் டூட்டியில்தான் இருக்கிறார்.

கேலனுக்குப் பின்னால் வந்தவர்கள் ஒன்பது வகையெல்லாம் ஜாஸ்தி என்று நாலாகச் சுருக்கி, பெட்டி போட்டு லேபிள் ஒட்டினார்கள். ரத்தம் தூக்கல் என்றால் ஜாலிப் பேர்வழி. மஞ்சள் பித்தம் என்றால் சிடுமூஞ்சி. கபம் என்றால் எருமை மாட்டின் மேல் மழை பெய்த கேஸ். கரும்பித்தம் என்றால் சோக ராஜா. நாலிலும் சோகம்தான் படு ஹிட்! காரணம், 'பெரிய பெரிய ஜீனியஸெல்லாம் ஏன் கரும்பித்தக்காரர்களாகவே இருக்கிறார்கள்?' என்று அரிஸ்டாட்டில் பெயரில் வந்த ஒரு நூலில் கேட்டிருந்ததுதான். போதாதா? ஐரோப்பாவில் அரைகுறைக் கவிஞன்கூடத் தாடையில் கை வைத்து ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தான். இல்லாத ஒரு திரவத்தால் இவ்வளவு கவிஞர்கள்!

ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் பர்ட்டன் என்ற பாதிரியார் இருந்தார். சோகம் தன்னை அண்டாமல் இருக்க எதையாவது வேலையாகச் செய்துகொண்டிருக்க வேண்டும் என்று, சோகத்தைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். 1621-ல் வந்தது. முடித்துவிட்டால் மறுபடி சோகம் வந்துவிடுமே! அதனால் சாகும்வரை பதிப்புக்குப் பதிப்பு பெருக்கிக்கொண்டே போனார். அப்படியும் மனசு ஆறாத நாளில், ஆற்றுப் பாலத்தடிக்குப் போய் நிற்பாராம். அங்கே படகுக்காரர்கள் ஒருவரையொருவர் பச்சை பச்சையாகத் திட்டிக்கொள்வார்கள். அதைக் கேட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பாராம். ஆயிரம் பக்கப் புத்தகம் செய்யாததைப் பத்துக் கெட்ட வார்த்தை செய்தது.

சிரிப்பு என்றதும்தான் ஞாபகம் வருகிறது. உடம்பின் இந்த நாலு திரவங்களுக்கும் ஆங்கிலத்தில் பொதுப் பெயர் 'ஹ்யூமர்'. ஆமாம், அதே ஹ்யூமர்தான்! திரவம் என்பது மனநிலை என்றாகி, மனநிலை என்பது கோணங்கித்தனம் என்றாகி, கோணங்கித்தனம் நகைச்சுவை என்றாகிவிட்டது. 'உங்களுக்கு நல்ல ஹ்யூமர் சென்ஸ் சார்' என்று யாராவது சொன்னால் ரொம்பப் பூரித்துவிடாதீர்கள். ஆதியில் அது உங்கள் சளியைப் பற்றிய பேச்சு.

இந்தத் தாவலுக்குப் பெரிதும் உதவியவர் பென் ஜான்சன். ஒவ்வொருவரும் ஒரு 'ஹ்யூமர்' பிடித்து ஆடும் ஆட்களாக வைத்து 1598-ல் ஒரு காமெடி நாடகம் போட்டார். நடிகர் பட்டியலில் வில்லியம் ஷேக்ஸ்பியர் என்று ஒருவர்! கலவை கெட்டால் மனிதன் எவ்வளவு கேலிக்குரியவன் ஆகிறான் என்பதுதான் நாடகத்தின் கரு. அதே மாதத்தில் கேப்ரியல் ஸ்பென்சர் என்ற சக நடிகரோடு ஜான்சனுக்குச் சண்டை. கத்திச் சண்டை. ஸ்பென்சர் காலி!

தூக்குதான். ஆனால் அன்றைய சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. பைபிளில் ஒரு பகுதியை லத்தீனில் படித்துக் காட்டினால் 'பாதிரியார் கேஸ்' என்று தலை தப்பும். ஜான்சன் படித்தார். கட்டை விரலில் சூடு போட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷமே அந்த நாடகத்துக்கு பார்ட் டூ எழுதினார். ஒரு வார்த்தை திரவத்திலிருந்து ஜோக் ஆவதற்கு நடுவில் ஒரு கொலை!

நாம் மட்டும் லேசுப்பட்டவர்களா? 'மூட்' என்று ஒரு வார்த்தை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு மனம், வீரம் என்றெல்லாம் அர்த்தம். வாள் தூக்கிய வீரர்களின் வார்த்தை. அதை வாங்கி, பின்னால் ஒரு 'அவுட்' சேர்த்து, 'மூட் அவுட்' ஆக்கினோம். இங்கிலாந்தில் போய் 'ஐயாம் மூட் அவுட்' என்று சொல்லிப் பாருங்கள். வீரம் அம்பயர் தீர்ப்பில் வெளியேறிவிட்டது போல என்று குழம்புவார்கள்.

எல்லாம் வார்த்தையோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். கலவையைச் 'சரிசெய்கிறேன்' என்று டாக்டர்கள் கத்தியை எடுத்தார்களே! எது தூக்கலோ அதை இறக்கு. முக்கியமாக, ரத்தத்தை இறக்கு. 1799 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டனுக்குத் தொண்டை வீங்கி மூச்சு திணறியது. டாக்டர் வரும் முன்பே தன் பண்ணை மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். அவன் கை நடுங்க, 'இன்னும் கொஞ்சம்' என்று இவரே உற்சாகப்படுத்தினார். பிறகு டாக்டர்கள் வந்து ஆளுக்கு ஒரு பங்கு எடுத்தார்கள். ஒரே நாளில் சுமார் 80 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 2.4 லிட்டர்! பிரிட்டிஷ் ராணுவத்தால் எட்டு வருஷத்தில் முடியாததை, கேலனின் சீடர்கள் ஒரு பகலில் முடித்தார்கள்.

பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே. புரூஸே என்ற டாக்டர் எந்த வியாதிக்கும் அட்டைப்பூச்சியை விடச் சொன்னார். 1833-ல் மட்டும் அந்த நாடு இறக்குமதி செய்த அட்டைகள் நாலு கோடிக்கும் மேல். உள்ளூர் அட்டைகள் ஓவர்டைம் பார்த்துக் களைத்துவிட்டன போலும்.

பிறகு விஞ்ஞானம் வளர்ந்தது. திரவங்கள் போயின. லேபிள்கள் போகுமா? தத்துவமேதை கான்ட், 1798-ல், டெம்பரமென்ட் நாலேதான், ஒன்றோடொன்று கலக்காது என்று அடித்துச் சொன்னார். கலவை என்று அர்த்தமுள்ள வார்த்தைக்குள் கலப்பே கூடாது என்று சொல்ல எவ்வளவு பெரிய மேதை தேவைப்படுகிறது பாருங்கள்! மணி அடித்தால் எச்சில் விடும் நாய்களால் புகழ்பெற்ற பாவ்லோவ், தன் நாய்களையே ஹிப்பாக்ரட்டீஸின் அந்த நாலு வகையாகப் பிரித்தார். ஜாலி நாய், சிடுசிடு நாய், எருமை நாய், சோக நாய். அட, நம் தெருவிலும் இதே நாலுதான்!

இன்றைக்கு ஹெச்.ஆர். ஆபீஸர் நீட்டும் பர்சனாலிட்டி டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? நாலு ஆங்கில எழுத்தில் உங்கள் ஜாதகம், மொத்தம் 16 ராசி? அதைத் தயாரித்தவர்கள் அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும். கேத்தரின் பிரிக்ஸ், இஸபெல் மையர்ஸ். ரெண்டு பேரும் சைக்காலஜி படித்தவர்கள் இல்லை. மகள், துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். தாய்க்கு இந்த ஆராய்ச்சி எப்படி ஆரம்பித்தது தெரியுமா? மகள் கல்யாணம் செய்துகொள்ளப் போகும் பையன் தங்கள் குடும்பத்து ஆட்களிலிருந்து வித்தியாசமாக இருக்கிறானே, இவன் என்ன டைப் என்ற குழப்பத்தில்! ஹிப்பாக்ரட்டீஸின் மாப்பிள்ளை ஆரம்பித்தது, பிரிக்ஸ் அம்மாளின் மாப்பிள்ளையில் வந்து நிற்கிறது. மனித சுபாவத்தை வகைப்படுத்துவது என்பது ஆதியிலிருந்தே சம்பந்தி வீட்டு விவகாரம்தான்.

இத்தனை கூத்துக்கு நடுவில் அந்த லத்தீன் அம்மா என்ன ஆனாள்? பாவம், தலைகீழாகிப்போனாள். 'டெம்பர்' என்றால் முதலில் நிதானம், சமநிலை. அதனால்தான் கோபம் வந்தவன் டெம்பரை 'இழந்தான்'. இழந்து இழந்து, கடைசியில் டெம்பர் என்றாலே கோபம் என்றாகிவிட்டது! அதே அம்மாவின் இன்னொரு பிள்ளை 'டாம்பர்'. களிமண்ணைப் பதமாகக் கலக்குவதற்கான சொல். இப்போது சாட்சியைக் கலைக்கும் வேலையில் கோர்ட்டு கோர்ட்டாக அலைகிறது.

இசைக்குப் போன பிள்ளையும் வம்பில்தான் மாட்டியது. பியானோவில் எல்லா ஸ்வரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, பன்னிரண்டு சமத் துண்டாக்கியதற்கு 'ஈக்வல் டெம்பரமென்ட்' என்று பேர். எல்லா ஸ்வரமும் லேசாகத் தப்பாக இருந்தால்தான் மொத்தத்தில் சரியாக இருக்கும் என்பது ஏற்பாடு. கூட்டுக் குடும்பம் மாதிரி! அதே சமரசத்தைச் சுமந்துவந்த ஹார்மோனியத்தால் நம் ஸ்ருதியையும் கமகத்தையும் பிடிக்க முடியாது என்று ஆல் இந்தியா ரேடியோ 1940-ல் அதற்குத் தடை போட்டது. 1971-ல்தான் இறங்கி வந்தது. ஒரு பெட்டியின் டெம்பரமென்ட் சரியில்லை என்று 31 வருஷம் டெம்பராக இருந்த ஒரே அரசாங்க ஆபீஸ்!

உருப்பட்ட பிள்ளை ஒன்றே ஒன்றுதான். சமையலறைக்குப் போனது. போர்ச்சுகீசில் 'டெம்பரார்' என்றால் உப்புக் காரம் போட்டு ருசி கூட்டுவது. அவர்கள் ஆண்ட இலங்கையில் இன்றும் வெங்காயம், மிளகாய் தாளித்துப் பிரட்டிய உருளைக்கிழங்குக்குச் சிங்களத்தில் 'தெம்பராது'. நம் ஊர் ஆங்கில சமையல் புத்தகங்களிலும் தாளிப்புக்கு 'டெம்பரிங்' என்றுதான் போடுகிறார்கள். கேலன் மூன்று பாகத்தில் விளக்கியதை நம் வீட்டுக் கரண்டி மூன்று நிமிஷத்தில் செய்கிறது. எண்ணெய் காய்ந்ததும் கடுகு படபடவென்று வெடிக்கிறதே, அது டெம்பர். அதையே சாம்பாரில் கொட்டியதும் 'சொய்ங்' என்று ஒரு சத்தத்தோடு அடங்குகிறதே, அது டெம்பரமென்ட்.

எனக்கென்னவோ இந்த மேதைகள் எல்லோரும் கோட்டை விட்ட இடம் இதுதான் என்று தோன்றுகிறது. கல என்பது ஒரு வேலை. கரண்டியைப் பிடித்து நாம் செய்ய வேண்டிய வேலை. அதை 'என் டெம்பரமென்டே இப்படித்தான்' என்று தலையெழுத்தாக்கி, ரெண்டாயிரம் வருஷமாகப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டோம். வேலை மிச்சம்!

சாம்பாரில் உப்பு தூக்கலாகிவிட்டால், 'இது பிறவியிலேயே இப்படி' என்று சொல்லி எந்தச் சமையல்காரரும் அப்படியே பரிமாறுவதில்லை. ரெண்டு உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி 'இலையைப் போடுங்கப்பா' என்கிறார்.